அசனப் பந்தியில் ஒரு நாற்காலி

“படிச்சு முடிச்ச பெறவு எங்க பக்கத்துல உக்காந்து சோறு திம்பியாட்டி?”

நான் கல்லூரியில் சேர்ந்த அன்று அத்தை கேட்டது இது. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்து என்னை வளர்த்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; இப்போது டீச்சர். அன்றைக்கு அந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன்.

போன வாரம், காலை 6.20. புதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அசனப் பண்டிகை. சபையே ஒன்றுகூடிக் கறிச்சோறு ஆக்கி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் ஆலயத் திருநாள். அங்கே பேச என்னை அழைத்திருந்தார்கள். அத்தையும் கூட வந்தாள். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வரை டவுன் பஸ்ஸில் பதினைந்து கிலோமீட்டர். பெண்கள் என்பதால் இருவருக்கும் இலவச டிக்கெட். அங்கிருந்து விளாத்திகுளம், பிறகு புதூர். இருபுறமும் உளுந்தும் மக்காச்சோளமும். முந்தின நாள் மழையில் மண் இன்னும் கறுத்துக் கிடந்தது.

8.50. புதூரில் ஷேர் ஆட்டோ, தலைக்கு முப்பது ரூபாய். கிராமத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்பே டிரைவர் நிறுத்திவிட்டார்.

“இதுக்கு மேல போனா வண்டிய நீங்கதான் தூக்கணும். இறங்கி நடங்கக்கா.”

“ரூவாயும் வாங்கிட்டு நடக்கவும் சொல்லுதீரே, அண்ணாச்சி!” என்றாள் அத்தை.

“மண்ணு ஓசிதான், வேணுங்கிற மட்டும் கால்ல அள்ளிட்டுப் போங்க.”

அள்ளிக்கொண்டுதான் போனோம். கரிசல் அப்பி, செருப்பு ஒவ்வொன்றும் ஒரு கிலோ கனத்தது.

10.00. ஆராதனை. பட்சபாதம் கூடாது என்ற வேதப் பகுதியைப் பற்றிப் பேசினேன். மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கை, கந்தல் உடுத்தியவனுக்குக் காலடி என்று பிரிக்கிற சபையில் விசுவாசம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நன்றாகவே பேசினேன். முன்னால் இருந்த பெண் கண்ணைத் துடைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

12.30. பந்தலில் தார்ப்பாய் விரித்து நீளப் பந்தி. ஓரத்தில் மட்டும் ஒரு மேசை, ஆறு நாற்காலி. ஆலயத்தை நடத்தும் உபதேசியார் என்னிடம் வந்தார்.

“டீச்சரம்மா, நீங்க இங்கன வாங்க.” அத்தையிடம், “நீங்க பந்தியில உக்காருங்கம்மா.”

நான் போய் உட்கார்ந்துவிட்டேன். இலையில் தண்ணீர் தெளித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். தரையில் அத்தை. பக்கத்தில் ஒரு ஆட்டுக்காரர், வலது காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்து, சோற்றுவாளியோடு வருகிறவர்கள் தடுக்கிவிடாதபடி ஒதுக்கிக்கொண்டே இருந்தார். அத்தை என்னைப் பார்த்து, சாப்பிடு என்று கையால் காட்டினாள். முகத்தில் வருத்தம் துளிகூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இலையோடு எழுந்தேன். உபதேசியார் பதறி வந்தார்.

“என்ன டீச்சரம்மா, குறை ஏதும் உண்டா?”

“நான் பேசினத நானே கேக்கல, ஐயா.”

பந்திக்குப் போய் ஆட்டுக்காரரிடம், “அண்ணாச்சி, அங்கன நாற்காலி காலியா இருக்கு. கால நீட்டி வசதியா உக்காரலாம்” என்றேன்.

“எனக்கு எதுக்கும்மா? அங்கன காரு வச்சிருக்கவிய இருக்காவ.”

“இன்னைக்கு வெந்த ரெண்டு கிடாயும் இவிய கொடுத்ததாம்” என்ற அத்தை, உபதேசியாரைப் பார்த்தாள். “ஏன் ஐயா, ஆட்டுக்கு மேசையில இடம் உண்டு, ஆட்டுக்காரருக்குக் கிடையாதோ?”

பந்தியே சிரித்தது. உபதேசியாரும் சிரித்துவிட்டு, குனிந்து அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி அழைத்துப் போனார்.

நான் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஏட்டி, சேலை அழுக்காயிரும்.”

“காலையிலேயே ஆயிட்டு, அத்த.”

தன் இலையிலிருந்த நல்லி எலும்பை என் இலைக்கு மாற்றினாள். பழைய கேள்வியை இருவருமே எடுக்கவில்லை.

4.10. திரும்பும் பேருந்தில் எங்கள் கோவில்பட்டி ஆலயத்தை நினைத்தேன். அங்கேயும் அசனத்தன்று அப்படி ஒரு மேசை உண்டு. ஒருநாள் எனக்கும் அதில் இடம் கிடைக்கும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசைப்பட்டிருக்கிறேன்.

இன்று காலை சபைக் கமிட்டியிடம் மனு கொடுத்துவிட்டு வந்தேன். முட்டு மடக்க முடியாதவர்களுக்கு நாற்காலி, மற்ற எல்லோருக்கும் ஒரே பந்தி. மனுவின் அடியில் முதலில் இருப்பது அத்தையின் கைநாட்டு. அதற்குக் கீழேதான் என் கையெழுத்து.