கூடைக்கு நிற்காத பஸ்

நாவலூரில் சாஃப்ட்வேர் வேலை. சனி, ஞாயிறுகளில் நான் குற்ற எழுத்தாளன். அதற்கென்றே இரண்டு கறுப்புச் சட்டைகள் வாங்கியிருந்தேன். செய்யூர்ப் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் தனியாகப் போன நான்கு பெண்களைக் கொன்று சிறைக்குப் போனவனைப் பற்றித்தான் என் முதல் புத்தகம். அவன் எப்படி நடப்பான், டீயில் எந்த பிஸ்கட்டை நனைப்பான் என்பதுவரை விசாரித்து எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த அறைத்தோழன் கேட்டான்: "இன்னா மச்சான், அவனுக்குப் பொண்ணு பாக்கறியா?"

செத்துப்போன பெண்களுக்கு ஆளுக்கு ஒரு பத்திதான். அதைக் கொஞ்சம் நீட்டலாமென்று மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்குப் போனேன். மூன்றாவதாகக் கொல்லப்பட்டவர் ஊர் ஊராகப் போய்க் கூடையில் மீன் விற்றவர். அவருடைய மகள் வாசலில் நாற்காலி போட்டாள். என் வயதுதான் இருக்கும். நான் போனில் ரெக்கார்டரைத் தட்டினேன். பேட்டியை ஆரம்பித்தது என்னவோ அவள்.

"எங்கம்மா பத்தி இன்னாண்ணா எழுதிகீற? படி."

தொண்டையைச் செருமிக்கொண்டு, விளம்பரக் குரலில் லேப்டாப்பைப் பார்த்து வாசித்தேன்: "அந்த மாலையில் எந்த மாய சக்தி அவளைத் தோப்புக்குள் இழுத்தது?"

"மாய சக்தியா?" அவள் சிரிக்கவில்லை. "மீன் கூடை நாறுதுன்னு பஸ்ஸுல இருந்து எறக்கி வுட்டுட்டான்ணா. ரோட்டால வந்தா சுத்து. 'தோப்பால நடந்து வந்துகினு கீறேன், சோத்த வடிச்சி வை'ன்னு எனக்கு போன் பண்ணிச்சு. அவ்ளோதான்."

போன வாரம் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் அவள் அம்மாவின் பெயரைப் போனில் தேடியிருக்கிறார்கள். 'ஆண் நண்பருடன் தோப்புக்குள் சென்றார்' என்று ஒரு பழைய செய்தி கிடைத்திருக்கிறது. அதோடு பேச்சு நின்றுவிட்டது.

"கல்யாணம் கெடக்குது, வுடு. எங்கம்மா எவன்கூடயும் போவல. வூட்டுக்கு வந்துச்சு. உன் புக்குலயாவது அது இருக்குமா? அடுத்த லைன் படி."

அடுத்த வரி, அந்தப் பழைய செய்திதான். லேப்டாப்பை மெதுவாக மூடினேன். "மாத்திட்டு அனுப்பறேங்க," என்றேன். அவள் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் கிளம்பும்போது பையில் சங்கரா மீனைப் போட்டுக் கொடுத்தாள்.

நிறுத்தத்தில் எனக்கு முன்னால் கூடையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். செங்கல்பட்டு பஸ் வந்தது. கண்டக்டர் கையை ஆட்டினார்.

"கூடையெல்லாம் ஏத்த முடியாதும்மா. பின்னாடி வண்டி வருது, அதுல வா." பிறகு என்னைப் பார்த்தார். லீவு நாளிலும் பந்தாவாகக் கழுத்தில் தொங்கும் என் கம்பெனி அட்டையைப் பார்த்தார். "ஏறுங்க சார்."

"என் பையிலயும் மீன்தாங்க."

"பரவால்ல சார், கால்கிட்ட வெச்சிக்கங்க."

படியில் வைத்த காலை வீரமாகக் கீழே இறக்கினேன். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

"நீ ஏன்யா எறங்கின?" என்றார் அந்த அம்மா. "நீ எறங்கிட்டா என்னிய ஏத்திக்குவானா? லூசா நீ?"

ஷேர் ஆட்டோ வரும்வரை அவர் பக்கத்திலேயே நின்று, போனில் அத்தியாயத்தின் முதல் வரியைத் திருத்தினேன்: "அன்று பஸ்ஸிலிருந்து அவரை இறக்கிவிட்டார்கள், மகள் சோறு வடித்து வைத்திருந்த வீட்டுக்கு அவர் நடந்து வந்துகொண்டிருந்தார்." மகளுக்கு அனுப்பினேன்.

அவள் குரல் பதிவு வந்தது: "எந்த ஸ்டாப்புல எறக்கி வுட்டான்னும் போடுண்ணா. நான் சொல்றேன், எழுதிக்க."

கொலைகாரனின் பிஸ்கட்டை வெட்டினேன். அவள் சொல்வதற்கு இடம் வேண்டுமே.