கூம்பு மூடியை அடித்தவன் நான்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பர்மாவில் க்யிம்யிண்டைங் படகுத்துறை அருகே தகரப் பட்டறை போட்டேன். இரண்டு முறை வெள்ளம் கொண்டுபோனது, இரண்டு முறையும் எழுப்பினேன். அம்மன் கோயிலுக்குக் கூரை போட்டேன். மூன்று மாடி வீடு கட்டினேன். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் மகன் செய்தது இவ்வளவும். எல்லாவற்றையும் விடப் பெரியது, தண்ணீர்ப் பீப்பாய்க்கு நான் அடித்த மூடி.

எங்கள் பேட்டையில் குழாயை நம்ப முடியாது. வீட்டுக்கு வீடு பீப்பாயில் பிடித்து வைப்போம். அதில் கொசு பெருகி, ஒரு மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகளை டெங்கு படுக்கப்போட்டது. சுகாதார நிலையத்து டாக்டரம்மா, நம் தமிழ்ப் பெண்தான், என்னிடம் மூடி கேட்டு வந்தார். தட்டையாக அடித்துக் கொடுத்தேன். சில நாள் கழித்து இருவருமாகப் போய்ப் பார்த்தால் பீப்பாய்கள் திறந்து கிடக்கின்றன. மூடிகள் வெயிலில், மேலே மீன்.

“நல்ல மூடி ஊலே! கருவாடு என்னமா காயுது!” என்றாள் எதிர்வீட்டு மீன்காரி. மாமாவை ஊலே என்பது எங்கள் ஊர் வழக்கம்.

டாக்டரம்மா தலையில் கை வைத்தார். நான் வைக்கவில்லை. வயலில் போடும் மூங்கில் தொப்பி மாதிரி, நடுவில் கூம்பாக உயர்த்தி எல்லா மூடியையும் திரும்ப அடித்தேன்.

மீன்காரி பட்டறைக்கே வந்துவிட்டாள். “மனுசனா ஊலே நீங்க? ஒரு நெத்திலிகூட நிக்கல!”

“நிக்கக் கூடாதுன்னுதான் அடிச்சேன், போ!”

அதற்குப் பிறகு மூடி பீப்பாயை விட்டு இறங்கவில்லை.

இப்போது டெங்குவை அடக்கியதற்காக டாக்டரம்மாவுக்கு வெளிநாட்டு விருது. தன் ஊரின் முதல் கறுப்பினச் சுகாதார அதிகாரியாக இருந்த ஓர் அம்மையாரின் பெயரில் தருவது. வீடு வீடாக ஏறி இறங்கியவர் டாக்டரம்மா, கொடுக்கட்டும். விழாவில் அந்த அம்மையாரின் படத்தைப் பார்த்தேன். என் நிறம். எத்தனை பேரைத் தள்ளிக்கொண்டு மேலே வந்திருப்பார்! எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் பாராட்டுரையில் “மக்கள் உருவாக்கிய மூடி” என்று வாசித்தார்கள். எந்த மக்கள்? மக்கள் கருவாடு அல்லவா காயவைத்தார்கள்!

விழா முடிந்ததும் வாசலிலேயே டாக்டரம்மாவைக் கேட்டேன்.

“நான் சொல்லியிருக்கணும் ஊலே. இப்ப முடிஞ்சு போச்சே,” என்றார்.

“எங்கம்மா முடிஞ்சுது? இந்த விருதுக்கு நிலையத்துச் சுவர்ல கல்வெட்டு வைக்கப் போறீங்கல்ல?”

அந்தக் கல் இன்னும் வெட்டப்படவில்லை. அதனால்தான் கல்வெட்டு வைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். அம்மையாரின் பெயர் மேலே இருக்கட்டும், டாக்டரம்மாவின் பெயர் அதன் கீழே. மூன்றாவது வரியில் என் பெயரையும், கூம்பு மூடி செய்தவன் என்பதையும் தமிழிலும் பர்மியிலும் வெட்டுங்கள்.