லோரியில் ஏறிய ஞானப்பாட்டு

மகள் கல்யாணத்தில் அந்த இசைதான் வேண்டும் என்று சொன்னது நான். ஆர்கன் தொடங்கியதும் பக்கத்திலிருந்த அத்தை என் கையைக் கிள்ளினார்.

"என்னாடி இது, கல்யாணத்துல சாவுப் பாட்டு?"

எங்கள் லுத்தரன் ஞானப்பாட்டு ஒன்றின் ராகத்தைச் சுற்றி, அந்தக் காலத்து ஜெர்மன்காரர் ஒருவர் ஆர்கனுக்குப் பின்னியது அது. ஒவ்வொரு வரி முடிவிலும் ராகம் நின்று மூச்சு வாங்கும்.

எண்பதுகளில், புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அப்பா இறந்தார். சவ ஊர்வலம் தோட்ட ஆபிஸ் வழியாகப் பாடிக்கொண்டு போகக்கூடாது, பின்பாதையில் போங்கள் என்று தோட்ட மேனேஜர் தொரை சொல்லியனுப்பினார். அம்மா ரப்பர்பால் நாறும் லோரியில், அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில், ஆலயத்துக் கால் ஆர்மோனியத்தையும் ஏற்றச் சொன்னாள். ஆபிஸ் வாசல் வந்ததும் டிரைவரிடம், "இங்கயே நிப்பாட்டு லா" என்றாள்.

லோரி மேலேயே வெறுங்காலால் மிதித்து, அந்த ஞானப்பாட்டின் எல்லாச் சரணத்தையும் வாசித்தாள். வரிக்கு வரி அந்தப் பழைய துருத்தி இழுத்து மூச்சு வாங்கியது. நாங்கள் சுற்றி நின்று உரக்கப் பாடினோம். தொரை ஜன்னலைச் சாத்தினார். அம்மா மறுபடி முதல் சரணத்திலிருந்து தொடங்கினாள்.

"சாவுப் பாட்டு இல்ல அத்தை," என்றேன். "அம்மா லோரிய நிப்பாட்டுன பாட்டு."