போலீஸ் வேலைக்குப் பத்தாவது போதும்

போலீஸ் வேலைக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறவனுக்குப் போலீஸை விடப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது ராஜபாளையத்தில் மருமகனின் கம்ப்யூட்டர் கடை. அவர் தட்டுவார். தட்டுவதற்கு முன்னால் சான்றிதழ்களைப் பார்ப்பது என் வேலை. நீங்களும் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர் ஜனத்தைச் சமாளித்தவர் என்றால் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு விளங்காது.

டிகிரி இருக்கு

தேவதானத்திலிருந்து செல்வி வந்தது சித்திரை வெயிலில். பேண்டேஜ் துணி நெய்கிற இடத்தில் வேலை. தலைமுடியில் பஞ்சு. அப்போது எஸ்.ஐ. வேலைக்கு ஆள் எடுத்தார்கள், டிகிரி வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பி.ஏ.வை நீட்டினாள். பத்தாவது மார்க் ஷீட் எங்கே என்றேன். கணக்கில் பெயிலாம். அது இல்லாமலே டிகிரி படிக்க ஒரு வழி இருந்திருக்கிறது, அதில் ஏறிவிட்டாள்.

போலீஸில் அது செல்லாது. எஸ்.ஐ. என்றால் பத்தாவது, பன்னிரண்டாவது, அப்புறம்தான் டிகிரி. கான்ஸ்டபிளுக்குப் பத்தாவது போதும். அதுவும் அவளிடம் இல்லை. துணைத்தேர்வில் கணக்கை எழுதித் தேறினால் அடுத்த கான்ஸ்டபிள் அறிவிப்புக்குப் போடலாம். ஆனால் அறிவிப்பு வருவதற்குள் ரிசல்ட் வந்திருக்க வேண்டும். வயசு வரம்பு அவளுக்கு இந்தத் தடவையோடு சரி. நாலு மாசமாகக் காலையில் எழுந்து ஓடிப் பழகுகிறாளாம். இந்த விதியெல்லாம் நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அழப்போகிறாள் என்று தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன். தண்ணீரைக் குடித்தாள். அழவில்லை.

"அப்போ நான் பி.ஏ. ஆயிட்டேன், இன்னும் பத்தாவது ஆகலை. அப்படித்தானே, அய்யா?"

கண்ணாடிக்குள் மார்க் ஷீட்

அன்றைக்கே அடுத்த ஆள் ஒரு மில் பிட்டர். கூட வந்த மகன் பி.இ.; அவனுக்கு எஸ்.ஐ. விண்ணப்பம். பத்தாவது மார்க் ஷீட் மட்டும் வீட்டில் இருக்கிறது என்றார். எடுத்து வரச் சொன்னேன். டவுன் பஸ்ஸில் போய், பழைய வேட்டியில் சுற்றி ஒரு பெரிய படத்தைத் தூக்கி வந்தார். பிரித்தால் உள்ளே மார்க் ஷீட். கண்ணாடியின் நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். மேலே வாடின கதம்பம்.

ஸ்கேன் எடுக்க வேண்டும், கழட்டுங்கள் என்றேன். மனிதர் நெளிந்தார். சாமி அறையில் முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் தொங்குவதாம். நானே ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி படத்தைக் கழட்டச் சொன்னாக்கூட கழட்டிருவேன், அய்யா. இதைக் கழட்டினது தெரிஞ்சா வீட்டுக்காரி எனக்குச் சோறு போட மாட்டா."

பி.இ. கணக்கு

கழட்டினோம். அதற்குள் சர்வர் நின்றுவிட்டது. செல்வி அதுவரை போகவில்லை. பக்கத்துக் கடையில் பத்தாவது கணக்குப் புத்தகம் வாங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பி.இ. பையன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். சும்மா இருக்கிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்தப் பிள்ளைக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடு என்றேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை; சொல்லிக் குடுலே என்று அவரும் தூண்டினார்.

வட்டத்துக்குத் தொடுகோடு வரைகிற பக்கம். பையன் பார்த்தான். அடுத்த பக்கம் புரட்டினான். முந்தின பக்கத்துக்கு வந்தான். புத்தகத்தை மெல்ல மூடி அவளிடமே கொடுத்தான்.

"இதையெல்லாம் தாண்டி வந்துட்டோம், அய்யா. திரும்பிப் போகத் தெரியலை."

பேச்சியம்மாள் மகள்

ஹால் டிக்கெட் எடுக்க வந்தபோதுதான் செல்வி படிக்கிற விதம் தெரிந்தது. பக்கத்துத் தறி பேச்சியம்மாளின் மகள் அந்த வருஷம்தான் பத்தாவது தேறியிருந்தது. பேச்சியம்மாளின் தறியைத் துடைத்து எண்ணெய் விடுவது செல்வி. அதற்குப் பதிலாக மகள் சாயங்காலம் பாடம் சொல்லும். ஒரு கட்டுக்கு எத்தனை மீட்டர், ஒரு ஷிப்டுக்கு எத்தனை கட்டு, எல்லாம் செல்வி மனக்கணக்காகச் சொல்லுவாள். பேப்பரில் வந்தால்தான் பயம். டீச்சர் எப்படி என்று கேட்டேன். உச்சந்தலையைத் தடவினாள்.

"மீட்டர்னா எனக்குத் தெரியும், அய்யா. அந்தப் பிள்ளை எக்ஸுங்குது. எக்ஸ் எம்புட்டுன்னு கேட்டா, அதைத்தான் நீ கண்டுபிடிக்கணும்னு கொட்டு வைக்குது."

யார் பிள்ளை

பரீட்சை எழுதப் போட்டிருந்த இடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பழைய பள்ளிக்கூடம். வாட்ச்மேன் இன்னும் என் காலத்து ஆள்தான். அவர் போனில் சொன்னது இது. சேலை கட்டி, டிபன் டப்பாவோடு ஒரு பெண் வந்திருக்கிறாள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார் கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. இவர் எல்லாரையும் விரட்டுகிற வேகத்தில், பிள்ளையை அனுப்பிட்டு நீ மரத்தடிக்குப் போம்மா என்று அவளையும் விரட்டியிருக்கிறார். ஹால் டிக்கெட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாளாம்.

"நான்தான்யா பிள்ளை. வழியை விடுங்க."

முந்தியது எது

அப்புறம் ஆடி மாசம் முழுக்க தினம் ஒரு போன். கான்ஸ்டபிள் அறிவிப்பு வந்துவிட்டதா என்று கேட்பாள். இல்லை என்று வைத்துவிடுவேன். இன்று வருது, நாளைக்கு வருது என்று கடைக்கு வருகிறவன் எல்லாம் புரளி கிளப்பினான். இரண்டு பேரைக் கடையை விட்டே போகச் சொன்னேன். சர்க்கார் ஒரு வேலையைத் தாமதமாகச் செய்ய வேண்டும் என்று ஆயுசில் முதல் தடவையாக நினைத்தேன்.

ரிசல்ட்தான் முந்தியது. ஷிப்ட் முடிந்து நேராக வந்து நின்றாள். மருமகன் நம்பரைத் தட்டினார். கணக்கு முப்பத்தேழு, தேர்ச்சி என்று வாசித்தேன். இன்னொரு தடவை என்றாள். வாசித்தேன். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை; நானாக வாசித்தேன். கொஞ்ச நாள் கழித்து அறிவிப்பு வந்தது. புது மார்க் ஷீட்டோடு வந்தவள், பெயரிலிருந்து கையெழுத்து வரை விரல் வைத்து வாசித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். விண்ணப்பம் நிரப்பும்போது, பத்தாவதுக்கு மேலே படித்தது என்ன என்று ஒரு கட்டம். பி.ஏ.வைப் போடவா என்று கேட்டேன்.

"அதை வேணும்னா விட்டுருங்க, அய்யா. பத்தாவதை மட்டும் பெருசாப் போடுங்க."

எழுத்துத் தேர்வும் ஓட்டமும் இனிமேல்தான், ஊரில் திருட்டுக் குறையுமா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் என் மேஜைக்கு வந்தவர்களில் தன் மார்க் ஷீட்டை ஒரு எழுத்து விடாமல் வாசித்தவள் இவள் ஒருத்திதான்.