மாடிக்கு மாடி ஒரே வீடு

தஞ்சாவூரில் நான் வாடகைக்கு எடுத்த வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. சாவி வாங்கிய அன்று உள்ளே போய் நின்று ஒரு முறை கைதட்டிப் பார்த்தேன். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். காலி அறையில் எதிரொலி ஏன் வருகிறது என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும். ஆனால் அந்த அறையில் எதைக் கொண்டுவந்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை. படிப்பு, வேலை என்று பத்து வருடத்துக்கு மேல் விடுதிகளிலேயே இருந்தவள் நான். ஒரு கட்டில், பாதி அலமாரி, ஜன்னலோரம் துணி காயப்போட ஒரு கொடி. அதற்கு மேல் எனக்கென்று இடம் இருந்ததில்லை.

முதல் வாரத்தில் ஒரு மெத்தை, ஒரு வாளி, ஒரு இண்டக்சன் அடுப்பு, இவ்வளவுதான் வாங்கினேன். கேஸ் இணைப்பு வரத் தாமதமாகும் என்றார்கள். மரச்சாமான் கடைக்கு இரண்டு முறை போய் ஒவ்வொரு சோபாவிலும் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. வெறுங்கையோடு திரும்பினேன்.

அந்தச் சனிக்கிழமை ஊரிலிருந்து அம்மா வந்து சேர்ந்தாள். எங்கள் ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கடற்கரையில் இருக்கிறது. அப்பாவும் தம்பியும் கடலுக்குப் போகிறவர்கள். அம்மா முப்பது வருடம் அலுமினிய அன்னக்கூடையில் மீனை வைத்து, பஸ் ஏறி, உள்ளே இருக்கும் நெல் விளையும் ஊர்களில் வீடு வீடாக விற்றவள். முழங்கால் வலியால் இரண்டு வருடத்துக்கு முன்புதான் அதை நிறுத்தினாள். திருத்துறைப்பூண்டியிலும் மன்னார்குடியிலும் பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கையில் ஒரு பை. அதில் கருவாடு, அரிவாள்மனை, பழைய சேலையில் சுற்றிய மண்சட்டி.

தண்ணீர்கூடக் குடிக்காமல் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடினாள். கூடத்தின் உத்தரத்தில் மின்விசிறிக்குத் தள்ளி இன்னொரு கொக்கி இருந்தது.

“இது என்னாத்துக்கு பாப்பா?”

“தெரியலம்மா.”

சமையலறைக்குப் பின்னால் குறுகலான ஒரு பால்கனி. அதில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். “இது?”

அதுவும் தெரியவில்லை என்றேன். அம்மா குழாயைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

“ஒனக்கு மேலயும் கீழயும் இதே வீடுதான?”

“ஆமா. மூணு மாடியிலயும் ஒரே அளவு.”

“அப்ப போய்ப் பாத்துட்டு வந்துருவோம். எப்படி வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுரும்ல.”

“யாரு வீட்டுக்குள்ளயும் அப்படிப் போகக் கூடாதும்மா.”

“கேட்டுட்டுத்தான போறோம்?” என்றபடி செருப்பைப் போட்டுவிட்டாள்.

மேல் வீட்டில் ஒரு இளம் தம்பதி. கதவைத் திறந்த பெண்ணிடம் அம்மா, “கீழ புதுசா குடி வந்திருக்கோம்மா. இதே வீடுதான் எங்களுதும். எத எங்க வச்சிருக்கீங்கன்னு பாத்துக்கலாமா?” என்று நேராகவே கேட்டாள். எனக்குக் காது சூடானது. அந்தப் பெண் சிரித்து, “வாங்க வாங்க, வீடு போட்டது போட்டபடி கெடக்கு” என்றாள்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் வீடேதான், அதே ஜன்னல், அதே தரை. ஆனால் வேறு யாரோ என் வீட்டில் பல வருடம் வாழ்ந்திருப்பதுபோல இருந்தது. உத்தரத்துக் கொக்கியில் தூளி தொங்கியது. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கொக்கியைப் பற்றி அம்மா சொன்னாள்.

“வந்தப்ப எங்களுக்கும் அது என்னான்னு தெரியலம்மா. புள்ள பொறந்த பொறவுதான் தெரிஞ்சுது” என்றாள் அந்தப் பெண் மெதுவான குரலில்.

முதல் மாடியில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அக்காவும் அவர் கணவரும் இருந்தார்கள். அங்கே கூடத்தின் பாதியை ஒரு சாப்பாட்டு மேசை பிடித்திருந்தது. அதன் மேல் மாத்திரை டப்பாக்கள், மடித்த துணி, செய்தித்தாள் கட்டு. தட்டு வைக்க இடமில்லை.

“இதுல எப்பம்மா சாப்புடுவீங்க?” அம்மா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“புள்ளைங்க வர்றப்ப” என்றார் அக்கா. “ரெண்டு வருசமா வரல. நாங்க டிவிக்கு முன்னாடி பிளாஸ்டிக் சேர்ல ஒக்காந்து சாப்ட்டுக்குவோம்.”

அம்மா அந்த மேசையின் விளிம்பைத் தடவிப் பார்த்தபடி சொன்னாள்: “எத்தனையோ வீட்டுக்கு மீன் குடுத்திருக்கேங்க. எல்லாம் கொல்லப்பக்கமாத்தான் போவேன். எந்த வீட்டு அடுப்படி எப்படின்னு சொல்லச் சொன்னா சொல்லிருவேன். கூடத்துல என்னா வச்சிருப்பாங்கன்னு பாத்ததே இல்ல.”

அம்மாவைப் பற்றி எனக்கே தெரியாத விஷயம் அது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஒரு தகவலைச் சொன்னதுபோலத்தான் இருந்தது.

“மீன் யாவாரமா?” என்றார் அக்கா. “அப்ப ஒண்ணு சொல்லிர்றேன். மீன் கழுவுற தண்ணிய மட்டும் சிங்க்ல ஊத்திடாதீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. விடுதியில் ஒரு முறை ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டுத் தொக்கைத் திறந்தபோது, அறைத்தோழி எழுந்து போய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாள். அதன் பிறகு நான் வீட்டிலிருந்து எதையும் கொண்டுபோனதில்லை. அதே பேச்சுத்தான் இங்கேயும் என்று நினைத்து, “வாம்மா போவோம்” என்று எழுந்தேன்.

அம்மா எழவில்லை. “ஏங்க, அடைச்சுக்குதா?”

“அடைச்சா எங்க வீட்டு சிங்க்லதான் மேல வருது. ஒங்களுக்கு முன்னாடி இருந்தவங்க செதிலோட ஊத்திட்டாங்க. எங்க அடுப்படி பூரா தண்ணி.”

“எங்க, காட்டுங்க பாப்போம்.”

இருவரும் கட்டடத்தின் பின்பக்கம் போனார்கள். நான் சற்று நேரம் கழித்துத்தான் போனேன். மூன்று சமையலறைக் குழாய்களும் ஒன்றாகச் சேர்ந்து, கீழே ஒரு இடத்தில் வளைந்து போயின. “இந்த வளைவுலதான் நிக்குது” என்று அம்மா கையால் தட்டிக் காட்டினாள். பக்கத்திலேயே மெலிதாக இன்னொரு குழாய், எதோடும் சேராமல் நேராக இறங்கி ஒரு வாழை மரத்துக்குப் பக்கத்தில் திறந்திருந்தது. அம்மா தலையை அண்ணாந்து அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். பின் பால்கனியில் தரைத் தண்ணீர் வெளியேறும் துளையிலிருந்து வந்தது.

“அந்தக் கொழா எதுக்குன்னு இப்பத் தெரியுது பாரு. அங்க ஒக்காந்து மீன் ஆஞ்சா தண்ணி வாழைக்குப் போயிரும். யாருக்கும் தொந்தரவு இல்ல.”

“நான் அங்க தொடப்பக்கட்டையில்ல போட்டு வச்சிருக்கேன்” என்றார் அக்கா.

என் வீட்டில் முதன்முதலாக இடம் கிடைத்தது அரிவாள்மனைக்குத்தான்.

மண்சட்டிக்கு இடம் கிடைக்கவில்லை. அம்மா அதை இண்டக்சன் அடுப்பில் வைத்ததும் அடுப்பு கீச்சென்று கத்தி அணைந்தது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அதில் சூடாகும், ஒட்டாவிட்டால் ஆகாது என்று விளக்கினேன். அம்மா அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“அப்ப இது சட்டிய மட்டுந்தான் சுடும். என் கைய விட்ருமா?”

“விட்ரும்.”

“நல்ல அடுப்புதான்” என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழவாசல் பாத்திரக்கடைக்குப் போனோம். என் கைப்பையின் மூடியில் காந்தம் இருந்தது. அம்மா பையை வாங்கி, மூடியைத் திறந்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்து வைத்துப் பார்த்தாள். ஒரே மாதிரிப் பளபளக்கும் இரண்டு எவர்சில்வர் சட்டிகளில் ஒன்றில் ஒட்டியது, மற்றொன்றில் வழுக்கி விழுந்தது. கடைக்காரர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“ரெண்டும் ஒண்ணுன்னுல்ல வித்துக்கிட்டிருக்கேன்! எங்க, இந்தத் தூக்குவாளியில வச்சுப் பாருங்க.”

கடையில் பாதிப் பாத்திரத்தைச் சோதித்துவிட்டோம். ஏன் அப்படி என்று அம்மா கேட்டாள். ஒன்றில் நிக்கல் கூடுதலாகக் கலந்திருக்கும் என்றேன். நிக்கல் கலந்தால் ஏன் ஒட்டாது என்று அடுத்த கேள்வி. வருடா வருடம் காந்தவியல் நடத்துகிறேன், ஆனால் அதற்கு அவளுக்குப் புரிகிற மாதிரி ஒரு பதில் என்னிடம் இல்லை. “படிச்சுட்டுச் சொல்றேம்மா” என்றேன். கடைக்காரரும் “எனக்கும் சொல்லுங்க மேடம்” என்றார். அடி கனமான ஒரு சட்டியை வாங்கிக்கொண்டு, மீன் மார்க்கெட்டில் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து சங்கரா வாங்கிவந்தோம்.

முதல் மாடி அக்காவையும் அவர் கணவரையும் மதியம் சாப்பிடக் கூப்பிட்டது அம்மாதான். வந்தவர்கள் கையோடு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் தூக்கிவந்தார்கள். அக்காவுக்கும் முழங்கால் வலியாம். அவரும் அம்மாவும் நாற்காலியில் உட்கார, அவர் கணவரும் நானும் பாயில் உட்கார்ந்தோம். அம்மா குழம்பை ஒரு வாய் தொட்டுப் பார்த்து, “சட்டி மாறுனா கொழம்பு கெட்டுப்போயிரும்னு நெனச்சேன். ஒண்ணும் ஆகல” என்றாள். அக்கா இரண்டாம் முறை குழம்பு வாங்கிக்கொண்டார். மீன் ஆய்வது எப்படி என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். அவர் வீட்டில் எப்போதும் கடையிலேயே ஆய்ந்து வாங்கிவிடுவார்களாம். பேச்சு நடுவே, சிங்க் விஷயத்தில் நேற்று நான் சட்டென்று எழுந்ததற்கு வருத்தம் சொல்ல நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், “இன்னொரு துண்டு வச்சுக்குங்கக்கா” என்று மட்டும் சொன்னேன்.

அம்மா செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போனாள். பிறகு நான் நாற்காலிகள் வாங்கினேன், ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி வாங்கினேன், புத்தகத்துக்கு ஒரு மர அலமாரி செய்யக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசை வாங்கவில்லை. இரண்டாவது அறையில் இன்னும் ஒன்றும் இல்லை. ஐப்பசி மழையில் துணி காயப்போட உதவுகிறது. அம்மா போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், “அந்த ரூம்ல என்னா வச்சிருக்க?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“கீழ் வீட்ல அந்த ரூம்ல என்னா வச்சிருக்காங்க?”

“நான் பாக்கலம்மா.”

“போய்ப் பாத்துட்டுச் சொல்லு” என்கிறாள்.