ஜீப்பில் கட்டிய எல்லை

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்தபோது நாங்கள் முதலில் நம்பியது ஏலக்காயைத்தான். ஏலக்காட்டுக்காரர்களுக்கு எல்லா வலியும் வாய்வுதானே. ரெண்டு காயைத் தட்டி வெந்நீரில் போட்டுக் கொடுத்தேன். குடித்தார், ஏப்பம் விட்டார், மலைமேல் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு வேலைக்குப் போனார். அங்கேயே விழுந்தார். மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பைபாஸ் செய்தே ஆகணும், தள்ளிப்போட முடியாது என்றார்கள்.

ஆபரேஷன் நாளுக்குள் போடியில் எங்கள் தெரு மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மலைக்குப் போகிற ஜீப்புகளே சும்மா நிற்கும். சொந்தபந்தம் எல்லாம் ஊரிலேயே இருந்துகொண்டது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் ஒருத்திதான். குறை சொல்லவில்லை. வேறு வீட்டு ஆள் படுத்திருந்தால் நானும் வந்திருக்க மாட்டேன்.

மத்தியானம் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"பைபாஸ் நல்லாத்தான் போச்சும்மா. ஆனா இதயத்துக்குப் பதிலா ஓடுற மெஷினுக்குக் குழாய் போட்ட இடத்துல, இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள கிழிஞ்சிருச்சு. எப்பவாச்சும் ஒருத்தருக்கு இப்படி ஆகும். அந்தத் துண்டை வெட்டிட்டு செயற்கைக் குழாய் வச்சுத் தைக்கிறோம். ரத்தம் நிறையப் போகுது. எந்த குரூப்பா இருந்தாலும் சரி, கொடுக்க ஆளுகளை வரச் சொல்லுங்க."

"பொழைப்பாராம்மா?"

"பார்க்கிறோம்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சுவரைப் பார்த்து நின்று ஆத்தாளை ஏசினேன். "வருசா வருசம் மாவிளக்கு எடுத்தேனே. எல்லாரையும் நீயே வச்சுக்கிட்டு என்னைய ஒத்தையா நிறுத்திட்டியே. ஆள அனுப்பு, இல்லாட்டி நீயே வா!" இதுதான் என் பிரார்த்தனை. இதைவிட மரியாதையாக வேண்ட அன்றைக்கு வரவில்லை.

பிறகு ஜீப்பு ஓட்டுகிற பாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். "காப்புக் கட்டியிருக்கோமே தாயி" என்றார். அதோடு போனை வைத்துவிட்டார். அவ்வளவுதான், இவர் போய்விடுவார் என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே நடந்ததைப் பின்னால்தான் சொன்னார்கள். அண்ணன் நேரே கோயிலுக்கு ஓடியிருக்கிறார். எல்லை தாண்டினால் ஊருக்கு ஆகாது என்று சிலர் மறித்திருக்கிறார்கள். பூசாரி மாமா யாரோடும் தர்க்கம் பண்ணவில்லை. ஊர் எல்லையில் கட்டியிருந்த வேப்பிலைத் தோரணத்தை அவிழ்த்துக் கொண்டுவந்து ஜீப்பின் முன்னால் கட்டினாராம். "எல்லை இப்ப ஜீப்புல இருக்கு. இது போற எடமெல்லாம் ஆத்தா ஊருதேன். வெரசா ஏறுங்கப்பா" என்று சொல்லி, முதல் ஆளாய் அவரே ஏறி உட்கார்ந்தாராம்.

பொழுது சாயும்போது அந்த ஜீப்பு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. எல்லாரும் மஞ்சள் உடுப்பு, கையில் காப்பு. ரத்தம் எடுக்கிற நர்ஸ், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அத்தனை பேரும் விரதம். வெறும் வயிற்றில் எடுக்க மாட்டோம் என்றுவிட்டார். எல்லாரும் பூசாரி மாமா முகத்தைப் பார்த்தார்கள். அவர் கேண்டீனில் போய் உட்கார்ந்து, "இட்லி கொண்டாப்பா" என்றார். பெண்களில் பாதிப் பேருக்கு உடம்பில் ரத்தமே குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். மலையில் ஏலப்பழம் எடுத்துத் தேய்ந்த உடம்பு, வேறு எப்படி இருக்கும்? மற்றவர்கள் காப்புக் கட்டிய கையை நீட்டிக் கொடுத்தார்கள்.

"ரத்தப்போக்கு நின்னிருச்சும்மா, ஆபத்து நீங்கிருச்சு" என்று டாக்டரம்மா வந்து சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன்.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார். ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற சோலிதான். நானும் வருசத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்கிறேன். உங்களுக்கு இப்படி ஒரு கஷ்டம் வந்தால் ஆத்தாளைக் கூப்பிடுங்கள். ஏசியாவது கூப்பிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். கையோடு ஊருக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள். நான் அவளைத்தான் வரச் சொன்னேன். ஜீப்பில் இருந்து இறங்கியவர்களில் அவள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அதனால் தெருவில் எதிரே யார் வந்தாலும் ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன்.