பதுளை ஏ.டி.எம்.மில் நான் அழுத்தத் தயங்கிய ‘வேண்டாம்’

இலங்கையில் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து மகேஸ்வரி அக்கா என் பெரியப்பா மகள். பெரியப்பா அங்கேயே தங்கிவிட்டார். அப்பா துறையூருக்கு வந்துவிட்டார். அக்காவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. போன வைகாசியில் அவள் மகளுக்குச் சடங்கு வைத்தபோது, தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டிய ஆள் நான்தான். என் முதல் வெளிநாட்டுப் பயணம் இப்படிச் சீர் சுமப்பதற்காக அமைந்தது.

பட்டுச்சேலைக்குப் பதுளைதான் நல்லது என்று அக்கா சொன்னதால், கொழும்பில் இருந்து பஸ்ஸில், தோட்டத்துக்குத் திரும்பும் பண்டாரவளையைத் தாண்டிப் பதுளைக்கே போனேன். இறங்கும்போது காலை பத்தரை. கடைவீதியில் ஒரு துணிக்கடை. முதலாளி முஸ்லிம்; எல்லாரும் அண்ணன் என்ற பொருளில் நானா என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். குங்கும நிறச் சேலை 24,500 இலங்கை ரூபாய். பழம், இனிப்பு, வளையல், ஆட்டோ எல்லாம் சேர்த்தால் 40,000 வேண்டும். கடையில் கார்டு வாங்க மாட்டார்கள். என் கணக்கில் இருந்தது 12,500 இந்திய ரூபாய். மனக்கணக்கில் அது போதும்.

ஏ.டி.எம்.மில் 40,000 கேட்டேன். இந்திய ரூபாயில் 12,860 என்று காட்டி, சம்மதமா என்றது. அந்நிய ஊரில் நம்மூர் ரூபாயைக் கண்டதும் நம்மூர்க்காரரைப் பார்த்த சந்தோஷம் எனக்கு. தொகை என் இருப்பைவிட அதிகம் என்றுகூட யோசிக்காமல் சம்மதித்தேன். இருப்பு போதாது என்று கார்டைத் திருப்பித் தந்துவிட்டது. விடிந்தால் சடங்கு. வெறுங்கையோடு போனால் அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் புகுந்த வீட்டார் சும்மா இருப்பார்களா?

சேலை வேண்டாம் என்று சொல்லக் கடைக்குத் திரும்பினேன். நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார்.

“மெஷின் இந்தியன் சல்லில கணக்குக் காட்டிச்சா?”

“ஆமா நானா, நம்ம ரூபாயிலதான்.”

“அதுக்கு ஓம்னு அமத்தினீங்களா? அங்கதான் போச்சு. அது தன்ட ரேட்டப் போட்டுப் புடுங்குது. வேணாம்னு அமத்துங்க.”

“வேணாம்னா பணமே வராதே?”

“வரும். மாத்துறதத்தானே வேணாங்குறீங்க, சல்லிய இல்லையே!”

திரும்பப் போனேன். பயந்துகொண்டேதான் ‘வேண்டாம்’ அழுத்தினேன். எட்டு ஐயாயிரம் ரூபாய்த் தாள்கள் வெளியே வந்தன. இரண்டு ஊர் வங்கிக் கட்டணமும் சேர்த்து என் கணக்கில் குறைந்தது 12,190. கணக்கில் பணம் இருந்திருந்தால், அந்தச் சம்மதத்துக்கு 670 ரூபாயாவது தண்டம் கட்டியிருப்பேன்.

போகிறவர்களுக்கு: எந்த நாட்டிலும் அந்த நாட்டுப் பணத்திலேயே கணக்கு வைக்கச் சொல்லுங்கள். கடையில் கார்டு தேய்த்தாலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான். ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு. அதனால் தேவையானதை ஒரே தடவையில் எடுங்கள். கிளம்பும் முன்பே கார்டு வெளிநாட்டில் வேலை செய்யுமா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் போய் ஏ.டி.எம். தேடாதீர்கள்.

பதுளையில் இருந்து பண்டாரவளைக்கு பஸ் ஒன்றேகால் மணி நேரம், 160 இலங்கை ரூபாய். அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ 2,800.

மறுநாள் காலை தோட்டத்துக் கோயிலில் இருந்து தப்பு முழங்கச் சீர்த்தட்டுகள் புறப்பட்டன. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் அக்கா சேலையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

“இத்தன வருசமா எனக்குப் பொறந்த வீடே இல்லேன்னுதான் இங்க பேச்சு, தம்பி. இனிப் பேசட்டும் பாப்போம்!”